தபாலில் வந்த முயல்!

தபாலில் பில்லைத் தவிர வேறு ஏதாவது வருமா, சார்? அமெரிக்க ஓவியர் ரே ஜான்சனுக்கு (1927-1995) முயல் வரும்!

முயல் தலை வரைவார். பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டுவார். சக ஓவியர்களுக்குத் தபாலில் தட்டிவிடுவார். கூடவே ஒரு வரி: ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்பவும்!

வாங்கினவரும் ஓவியராச்சே, கை சும்மா இருக்குமா? மீசை வரையலாம், பஸ் டிக்கெட் ஒட்டலாம். போன முயல் என்ன கோலத்தில் திரும்புமோ! காதல் கடிதத்துக்குப் பதில் வருகிற மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செலவு ஸ்டாம்ப் காசுதான். விலை பேச வேண்டாம், கேலரிக்காரருக்குக் கமிஷன் அழ வேண்டாம். குஷியே அதில்தான்.

1970-ல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் கண்காட்சியே வைத்தார்கள். சுவரெல்லாம் அவருடைய தபால் நண்பர்கள் அனுப்பினவை. தபால்காரருக்கும் ஒரு மாலை போட்டிருக்கலாம்!