துலா மிதித்த ஊர்களின் வழியே

யாழ்ப்பாணத்துத் தின்னவேலிச் சந்தை விடியமுன்னமே விழித்துவிடும். லான்ட்மாஸ்டரில் வந்திறங்கிய பூசணிக்காய்களையும் கீரைக்கட்டுகளையும் விலத்திக்கொண்டு, நாலு கூட்டாளிகள் இரண்டு மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறைக்கு வெளிக்கிட்டோம். இதே தின்னவேலியில், 1921இல் சேர் பொன். இராமநாதன் தொடக்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974இல் பல்கலைக்கழகம் வந்தது. நாங்கள் பழகியதும் அங்கேதான்.

குடாநாடு பார்க்க வருகிறவர்கள் நல்லூர், கோட்டை, நயினாதீவு என்று படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கென்னவோ தோட்டங்கள்தான் யாழ்ப்பாணம். இங்கே மலையில்லை, ஆறில்லை. கோப்பாய் வெங்காயமும் நீர்வேலி வாழையும் செம்மண்ணில் காட்டுகிற பச்சை அத்தனையும் கிணற்றிலிருந்து இறைத்தது. வாட்டர் பம்ப் வருமுன் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் பட்டை பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவார். சறுக்கினால் கிணற்றுக்குள்தான்.

நவக்கிரியில் நிலாவரைக் கிணறு. இராமர் அம்பூன்றிய இடம் என்பது ஊர்க்கதை. மேலே நன்னீர், ஆழம் போகப்போக உப்பு. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர், பாரமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்.

"மச்சான், ஆறில்லை எண்டாய், இது என்ன?" என்றான் ஒருவன் தொண்டைமானாற்றுப் பாலத்தில். பெயர்தான் ஆறு, அது கடலோடு சேருகிற உவர்நீரேரி. கரையில் செல்வச்சந்நிதி முருகன். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மத்தியானம் மடத்துப் பந்தியில் இருந்தோம். யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோறுதான் இரண்டாந்தரமும் வந்தது.

அடுத்தது வல்வெட்டித்துறை. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, இவ்வூர் மாலுமிகளே அதை ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கடலை நம்பிய ஊருக்குத் தோட்டம் இரண்டாம்பட்சம்.

பருத்தித்துறைத் தெருமூடிமடம் வீதிக்கு மேலேயே கூரை போட்டது. இருபுறமும் திண்ணை. சுமையோடு நடந்து வந்தவர்களுக்கென்று கட்டியதில், பெற்றோல் எரித்து வந்த நாங்கள் கால் நீட்டித் தட்டைவடை கடித்தோம்.

திரும்ப வல்லை வெளியால் வாருங்கள். சோளகக் காலமென்றால் மெல்ல ஓடுங்கள். மோட்டார் சைக்கிளைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்.