இரண்டு ஸ்டார் போட்ட இரவு

போன மாசம் ஒரு மழை ராத்திரி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். ஆர்டர் பண்ணிய இட்லி ஒரு மணி நேரம் கழித்து ஆறிப்போய் வந்தது. கொண்டுவந்த தம்பி தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, "அக்கா, ரேட்டிங் மட்டும் பார்த்துப் போடுங்க. குறைஞ்சா ஆர்டர் வராதுக்கா" என்றார். பசிக் கோபம். கதவைச் சாத்திவிட்டு இரண்டு ஸ்டார் போட்டேன்.

அதை மறந்தும் போனேன், மகளோடு உட்கார்ந்து 'பிளாக் மிரர்' பார்க்கும் வரை.

சார்லி புரூக்கர் எழுதிய பிரிட்டிஷ் தொடர் இது. 2011-ல் டி.வி.யில் தொடங்கி, 2016-லிருந்து நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. எதிலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். முதல் எபிசோடிலிருந்து மட்டும் வேண்டாம். அதைப் பிள்ளைகளோடு பார்க்கவே முடியாது.

நாங்கள் ஆரம்பித்தது மூன்றாவது சீசனின் 'நோஸ்டைவ்'. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் போனில் ஸ்டார் போடுகிறார்கள். காபி கொடுப்பவருக்கு, லிஃப்டில் கூட வருபவருக்கு, யாருக்கும். கதாநாயகி லேசியின் மதிப்பெண் 4.2. ஆசைப்பட்ட வீடு சலுகை வாடகையில் கிடைக்க 4.5 வேண்டும். பழைய தோழியின் கல்யாணத்தில் பெரிய மனிதர்களிடம் நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று கிளம்புகிறாள். விமானம் ரத்தாகிறது, மதிப்பெண் சரிகிறது. பிரைஸ் டல்லாஸ் ஹோவர்டின் அந்த ஒட்டவைத்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் போதாது.

ஆனால் என்னை உலுக்கியது ஒரு லாரி ஓட்டும் அம்மாள். அவர் மதிப்பெண் 1.4. அவருடைய கணவருக்குப் புற்றுநோய். கணவரின் மதிப்பெண் 4.3. ஆஸ்பத்திரிப் படுக்கை 4.4 வைத்திருந்தவருக்குப் போய்விட்டது. அழாமல், வண்டி ஓட்டிக்கொண்டே இதைச் சொல்கிறார்.

"அம்மா, நீ கூட ஒரு தடவை ரெண்டு ஸ்டார் போட்டியே?" என்றாள் மகள். பதில் சொல்லவில்லை.

ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். பக்கத்து வீட்டு ஹாலில் பத்துப் பேரோடு தரையில் உட்கார்ந்து தூர்தர்ஷனில் 'என் இனிய இயந்திரா' பார்த்திருக்கிறேன். சுஜாதா 1980-களில் விகடனில் எழுதிய தொடர்கதை அது. ஜீவா ஆளும் நாட்டில் பிள்ளை பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டும். எத்தனை வயது வரை இருக்கலாம் என்பதும் அரசு கணக்கு. பெயர்கூட இரண்டே எழுத்து: நிலா, சிபி. அன்று எங்களுக்கு ஜீனோதான் முக்கியம். நாய் பேசுகிறது, புத்தகம் படிக்கிறது, போதாதா? இப்போது புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அந்த அனுமதிச் சீட்டுதான் பயமுறுத்துகிறது. கதை நடப்பது 2021-ஐ ஒட்டி. நிஜமான 2021-ல் நாமும் ஊருக்குப் போக இ-பதிவு போட்டுக் காத்திருந்தோமே!

ஜீனோ பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நான்காவது சீசனின் 'மெட்டல்ஹெட்'டிலும் இயந்திர நாய் உண்டு. பேசாது, துரத்தும். முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஒரு பெட்டிக்காகத்தான் அவ்வளவு ஓட்டமும். உள்ளே என்ன என்பதைச் சொல்ல மாட்டேன். வசனம் குறைவு, நடுவில் கொஞ்சம் இழுவை. கடைசிக் காட்சிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சீசனின் 'பி ரைட் பேக்' தனியாகப் பார்க்க வேண்டியது. விபத்தில் இறந்த காதலன் எழுதிய மெசேஜ்களை வைத்து, அவனைப் போலவே பேசும் ஒன்றைக் காதலிக்குச் செய்து தருகிறார்கள். அப்பாவின் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிற எனக்குப் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை. மறுநாள் முடித்தேன்.

'நோஸ்டைவ்' பார்த்த அன்று எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்தேன். பழைய ஆர்டர்களில் அந்த இட்லி இருந்தது. கீழே நான் போட்ட இரண்டு ஸ்டார். மாற்ற முடியுமா என்று எங்கெங்கோ தொட்டுப் பார்த்தேன். வழி இல்லை. அந்தத் தம்பி அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கம் வரவே இல்லை.