படத்தின் அடியிலுள்ள பெயர்

1882ஆம் ஆண்டில் ஒஸ்கார் வைல்ட் என்னும் ஐரிஷ் எழுத்தாளர் நியூயோர்க் நகருக்கு வந்திருந்தார். நெப்போலியன் சரோனி என்னும் புகைப்படக் கலைஞர் அவரைத் தமது படக்கூடத்தில் அமர்த்திப் பல படங்களைப் பிடித்தார். அவற்றுள் ஒன்றைக் கல்லச்சு நிறுவனம் ஒன்று கேளாமலே எடுத்து, 85,000 பிரதிகள் அச்சிட்டது. வழக்கு அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இயந்திரம் பதித்த படத்துக்கு ஆசிரியன் ஏது என்பது நிறுவனத்தின் வாதம். இருக்கும் பாவனையை வகுத்து, உடையையும் ஒளியையும் தேர்ந்து அமைத்தவன் மனிதனே. ஆதலின் படம் அவனது ஆக்கமே என்று 1884இல் தீர்ப்பாயிற்று.

அந்த நிறுவனத்துக்குக் கல்லும் மையும் வேலையாட்களும் வேண்டியிருந்தன. இக்காலத்தில் கையடக்கத் தொலைபேசியின் மேல் ஒரு விரலை வைத்தால் போதும். இலக்கமுறைப் படம் என்பது உண்மையில் எண்களின் வரிசையே. ஆதலின் அப்படியே எடுக்கப்படும் பிரதி மூலத்தைவிட மங்குவதில்லை. படத்துடன் பதிந்து வரும் பிடித்தவர் பெயரும் திகதியுமோ, கைமாறும்போது பல வேளைகளில் அழிந்துவிடுகின்றன. பெயர் அழிந்த படத்தைக் காண்பவர், அதற்கு உரியவரே இல்லை என எண்ணிவிடுகிறார்.

இதனால் விளைந்த கேட்டுக்கு ஹெயிற்றி நாட்டிலே தக்க சான்று உண்டு. 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி அங்கே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. டானியல் மொறெல் என்னும் அந்நாட்டுப் பத்திரிகைப் புகைப்படக்காரர், இடிபாடுகளிடையே அன்றே படம் பிடித்து ருவிற்றர் வழியாக வெளியிட்டார். வேறொருவர் அவற்றை எடுத்துத் தம்முடையவை போலப் போட்டார். ஏ.எப்.பி. என்னும் பிரான்சியச் செய்தி நிறுவனம், அவரிடமிருந்து கிடைத்ததாகவே படங்களை உலகெங்கும் அனுப்பியது. கெட்டி இமேஜஸ் நிறுவனமும் விநியோகித்தது. தம் நாடு இடிந்து கிடந்த வேளையில் மொறெல் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த படங்கள் பிறர் பெயரில் உலாவின. ருவிற்றரில் இட்டவற்றை எவரும் எடுக்கலாம் என்ற எதிர்வாதம் நிற்கவில்லை. 2013இல் ஜூரிகள் அவருக்கு 12 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தனர். இத்தகைய வழக்கை நடத்தும் வலிமை எல்லாப் படக்காரருக்கும் வாய்ப்பதன்று.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படம் ஆக்கப்பட்ட கணத்திலேயே உரிமை பிறக்கிறது, பதிவு வேண்டியதில்லை. ஆக்கியோன் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமையும் அவனுக்குண்டு.

எனினும் சட்டம் கல்விக்குக் கதவடைக்கவில்லை. விமரிசனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றின் பொருட்டு நியாயமாகப் பயன்படுத்துவதை அது அனுமதிக்கிறது. நோக்கம் என்ன, ஆக்கம் எத்தகையது, எவ்வளவு எடுக்கப்பட்டது, உரியவரின் விற்பனைக்கு ஊறு விளையுமா என்னும் நான்கும் அங்கே ஆராயப்படும். பூகம்பம் பற்றிய பாடத்தில் ஆசிரியர் ஒரு பத்திரிகைப் படத்தை, மூலத்தைக் குறித்து, வகுப்பில் காட்டுவது ஒன்று. பாடசாலை அதே படத்தை ஆண்டு மலரின் அட்டையில் அச்சிட்டு, விளம்பரமும் சேர்த்து விற்பது முற்றிலும் வேறு. பின்னதற்கு அனுமதி பெறல் வேண்டும். பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி வேண்டாம் என்பது பலரிடமுள்ள மயக்கம்.

தேடற்பொறியும் படத்தின் உரிமையாளர் அன்று. அது வழிகாட்டும் பலகை மாத்திரமே. பத்திரிகையில் வந்த படமும் அப்பத்திரிகைக்கே உரியதாக இருக்க வேண்டியதில்லை. செய்தி நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியதாக இருக்கலாம். படத்தின் அடியிலே எறும்பு ஊர்ந்தாற்போலச் சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அனுமதி கேட்கும் கடிதம் முதலில் செல்ல வேண்டியது அந்தப் பெயருக்கே.