ரோமாபுரிச் சிப்பாயின் கவசம் வீட்டுக் கொட்டகையில் தயாராகிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கிலாந்தின் கிராமமொன்றில் மற்றவர்கள் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டின் கார் கொட்டகையிலிருந்து மட்டும் "டங், டங்" என்று ஓயாத சத்தம். உள்ளே எட்டிப் பார்த்தால், மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு மனிதர் வட்டமான பித்தளைத் தகடு ஒன்றை மரக்கட்டையின் குழியில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். வாரத்தில் ஐந்து நாட்கள் அவர் ஆபீஸ் குமாஸ்தாவாகவோ, பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையன்று அவர் ரோமாபுரிக் கொல்லர்!

ஆயிரத்தெண்ணூறு, ஆயிரத்தொன்பதினூறு வருஷங்களுக்கு முன் ரோமச் சிப்பாய் அணிந்த கவசத்தையும், ஏந்திய கேடயத்தின் உறுப்புகளையும் அச்சு அசலாகக் கையால் செய்வதுதான் இவர்களுடைய பொழுதுபோக்கு. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா எங்கும் இந்த ஆசை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். "வேலையற்ற வேலை" என்று சிரிப்பவர்களும் உண்டு. ஆனால் பெரிய பண்டிதர்கள் நெடுங்காலம் தடுமாறிய ஒரு புதிருக்கு விடை கிடைத்தது தகட்டையும் தோல்வாரையும் கையில் எடுத்த பிறகுதான்.

பெட்டிக்குள் கிடந்த புதிர்

ரோம் நகரில் டிராஜன் சக்கரவர்த்தியின் வெற்றித்தூண் நிற்கிறது. கி.பி. 113ல் எழுப்பப்பட்ட அதில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக இரும்புப் பட்டைகள். தோளின் மேலும் பட்டைகள். சிற்பி அழகாகச் செதுக்கிவிட்டான். கீல் எங்கே, கொக்கி எங்கே, இதை ஒருவன் எப்படி மாட்டிக் கழற்றுவான் என்பதெல்லாம் அவனுக்கு அக்கறையில்லை. தகடுகளை ஒரு தோல் சட்டையின் மேல் பதித்திருப்பார்கள் என்று பலர் முடிவு கட்டினார்கள். இந்தக் கவசத்துக்கு இன்று வழங்கும் லத்தீன் பெயரான "லோரிகா செக்மென்டாட்டா" என்பதுகூட ரோமர் வைத்ததல்ல. பின்னால் வந்த அறிஞர்கள் சூட்டியதுதான்!

1964ல் விஷயம் மாறிற்று. வட இங்கிலாந்தில், ஹாட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே, கார்பிரிட்ஜ் என்னுமிடத்தில் அகழ்ந்தபோது, மண்ணுக்குள் புதைத்து வைத்த ஒரு மரப்பெட்டி கிடைத்தது. தோல் போர்த்தி இரும்பால் கட்டிய பெட்டி. உள்ளே கவசத் துண்டுகள், ஆயுதங்கள், கருவிகள், இன்னும் பல சில்லறைச் சாமான்கள். எல்லாம் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டியிருந்தன. துரு இரும்பைத் தின்னும் என்பார்கள். இங்கே அதே துருதான் உபகாரம் செய்தது. தகடுகள் இருந்த இடத்திலேயே இறுகிவிட்டன. உட்புறம் ஓடிய தோல் வாரின் அடையாளமும் அதில் பதிந்து நின்றது.

சார்லஸ் டேனியல்ஸ் என்ற தொல்பொருள் அறிஞரும், லண்டன் டவர் ஆயுதசாலையில் பணியாற்றிய ரஸ்ஸல் ராபின்ஸனும் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். தோல் சட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை! தகடுகளின் உட்புறத்தில் சில தோல் வார்கள் மட்டும் தொங்கின. ஒவ்வொரு தகடும் அந்த வாரோடு ஆணியடித்து இறுக்கப்பட்டிருந்தது. ஆகவே சிப்பாய் குனிந்தால் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவும், நிமிர்ந்தால் விரியும். கழற்றி வைத்தால், மடக்கிய விசிறி போலச் சுருங்கிச் சிறு மூட்டையாகிவிடும். ராபின்ஸன் சும்மா படம் போட்டுக் காட்டவில்லை. தகட்டை வெட்டிக் கவசமே செய்து காட்டினார். 1975ல் வெளிவந்த அவருடைய "ரோமப் பேரரசின் கவசம்" என்ற நூல் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு வேதப் புத்தகம் மாதிரி ஆயிற்று.

இதற்கிடையில், 1972ல் குளோஸ்டர்ஷயர் கிராமத்தார் சிலர் ஒரு விழாவுக்காக ரோமச் சிப்பாய் வேஷம் கட்டினார்கள். வேஷம் விழாவோடு கலையவில்லை. "எர்மைன் தெருக் காவற்படை" என்ற சங்கமாயிற்று. ராபின்ஸனின் ஆராய்ச்சியை வழிகாட்டியாகக் கொண்டு அங்கத்தினர்கள் கவசங்களைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

சுத்தியலுக்குத் தெரியும்

கேடயத்தின் நடுவே புடைத்து நிற்கும் குமிழ்தான் தொடக்கக்காரரின் முதல் பரீட்சை. பிடியைப் பற்றிய கையைக் காப்பது அந்தக் குமிழ். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, மரக்குழியில் வைத்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். நம்மூரில் பாத்திரம் அடிப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தட்டத் தட்டப் பித்தளை முரட்டுப் பிடிவாதம் பிடிக்கும். அப்போது அதைச் சூடுகாட்டி மங்கலான செந்நிறம் வந்ததும் ஆறவிட்டால், மீண்டும் குழைந்து கொடுக்கும். பொறுமையின்றி மேலும் நாலு அடி போட்டால் "விர்" என்று கீறிவிடும். ஒரு வார உழைப்பு குப்பைக்கு!

கேடய விளிம்புக்குப் போடும் பித்தளைப் பட்டை இன்னும் பொல்லாதது. நேரான இடத்தில் சாதுவாக மடங்கும். மூலையில் வளைக்கும்போது உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் வெடிக்கும்.

கேடயப் பலகை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி சிரியாவிலிருந்து வந்தது. டியூரா யூரோபஸ் என்ற பாழடைந்த கோட்டை நகரில், 1930களில் நடந்த அகழாய்வில் ஒரு கேடயம் துண்டு துண்டாகக் கிடைத்தது. உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். மெல்லிய மரச் சில்லுகளை மூன்று அடுக்காக, ஒன்றுக்குக் குறுக்கே மற்றொன்றை வைத்து ஒட்டி, வளைத்துச் செய்தது. இன்றைய ஒட்டுப்பலகையின் முப்பாட்டன் என்று சொன்னால் தகும்! மேலே சிங்கமும் கழுகும் வண்ணத்தில் தீட்டியிருக்கின்றன. இப்போது அது அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் இருக்கிறது. அதன் குமிழ் மட்டும் கிடைக்கவில்லை.

மாட்டினால் தெரியும் மர்மம்

செய்து மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் சில இரகசியங்கள் புரிந்தன. கார்பிரிட்ஜ் கவசத்தில் தோளுக்குச் சிறு பித்தளைக் கீல்கள் உண்டு. பார்வைக்கு நேர்த்தி; ஆனால் மெலிந்தவை. நடந்து, ஓடி, குனிந்தால் முறிந்துவிடும். பழைய ரோமப் பாசறைகள் இருந்த இடங்களில் இத்தகைய உடைந்த கீல்கள் ஏராளமாக அகப்படுவதற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையில் கிடைத்த பிற்காலக் கவசத்தில் அந்தக் கீல்களே இல்லை. பல இடங்களில் வெறும் ஆணியால் இணைத்துவிட்டார்கள். அலங்காரத்தை உதறிவிட்டு உழைக்கிற வழியைப் பிடித்தார்கள் ரோமக் கொல்லர்கள். அதற்குள் எத்தனை சிப்பாய்கள் அணிவகுப்பின் நடுவே தோள்பட்டை தொங்க நின்று திட்டு வாங்கினார்களோ!

நடந்தே சோதித்தவர்களும் உண்டு. ஜெர்மானியச் சரித்திர ஆசிரியர் மார்க்குஸ் யுங்கெல்மன் 1985ல் ஒரு சிறு கூட்டத்துடன் ரோமச் சிப்பாயின் முழுச் சுமையையும் தூக்கிக்கொண்டு, இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தார்.

இன்று சுலபமான வழியும் வந்துவிட்டது. இந்தியப் பட்டறைகளில் செய்த தயார்க் கவசங்களே கப்பலேறிப் போகின்றன. பலர் அவற்றை வாங்கி, கீலையும் ஆணியையும் பிடுங்கிவிட்டுச் சொந்தக் கையால் மாற்றிப் பொருத்துகிறார்கள். அசல் பைத்தியங்களோ அதையும் ஒப்புவதில்லை. இயந்திரத்தில் உருட்டிய தகடு எங்கும் ஒரே கனமாக இருக்கிறது, ரோமன் தகடு அப்படி இருக்காது என்று அதிலும் குற்றம் காண்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கணக்கு இன்னும் முடியவில்லை. 2018ல் ஜெர்மனியில் கால்கிரீஸ என்னுமிடத்தில், கி.பி. 9ல் ரோமப் படைகள் நாசமான போர்க்களத்தில், இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழமையான, மிக முழுமையான தகட்டுக் கவசம் கிடைத்தது. மண் கட்டியோடு பெயர்த்தெடுத்து, பியூர்த் நகரத்தின் ராட்சத எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். கொட்டகைக் கொல்லர்கள் பலர் உடனே புதுத் தகடு வெட்டத் தொடங்கிவிட்டார்கள்!

குமிழில் ஒரு பெயர்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கேடயக் குமிழ் இருக்கிறது. 1867ல் டைன் நதியின் முகத்துவாரத்தில் கிடைத்தது. நடுவே கழுகு, சுற்றிலும் எருது, போர்க் கடவுள், படைக்கொடிகள், நான்கு பருவங்களின் உருவங்கள். எட்டாவது அகஸ்டன் படையின் பெயரும் பொறித்திருக்கிறது. இவ்வளவும் தேர்ந்த கலைஞன் கைவேலை. ஆனால் ஓரத்தில், ஆணி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திய கோணல் எழுத்துகள் வேறு இருக்கின்றன. ஜூலியஸ் மாக்னஸின் அணியைச் சேர்ந்த ஜூனியஸ் டுபிடாட்டஸ் என்று படிக்கிறார்கள். தன் சாமானை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போகாமலிருக்கச் சிப்பாய் போட்ட அடையாளம்; எவர்சில்வர் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டிக்கொள்வதில்லையா?

கொட்டகையில் அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் குமிழைத் திருப்பி வைக்கிறார். சிற்றுளியை எடுத்து, ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தன் பெயரைக் குத்துகிறார். மூன்றாவது எழுத்து சற்றுக் கோணிவிட்டது. அதை அவர் திருத்தவில்லை.