பெரிதாக்கினாலும் பிசிறாத லோகோ

விசிட்டிங் கார்டுக்கு வரைந்த லோகோவை ஃபிளெக்ஸ் பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றனவா? படத்தைப் புள்ளிகளாகச் சேமித்ததுதான் காரணம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோ ஒவ்வொரு கோட்டையும் வளைவையும் கணிதச் சூத்திரமாகவே எழுதிவைக்கிறது. அதனால் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. 2003 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இது முற்றிலும் இலவசம். யூனிகோடு தமிழும் இதில் ஒழுங்காக அமையும். எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் முக்தா மலர், மீரா இனிமை இரண்டையும் பாருங்கள்; தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சுவரொட்டித் தலைப்புக்கு, பருமனான பாலூ தம்பி எழுத்துரு அத்தனை பொருத்தம்! அச்சகத்தார் நான்கு வண்ணக் கோப்பு கேட்டால், ஸ்கிரைபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் பக்கத்தை அமைத்து, பிடிஎஃப் எடுத்துக் கொடுங்கள்.