மணிச்சத்து எட்டாதபோது வேர் என்ன செய்யும்?

போட்ட டி.ஏ.பி. உரத்தின் மணிச்சத்தில் அந்தப் பருவத்துப் பயிருக்குப் போய்ச் சேர்வது சிறு பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி வயலிலேயே இருக்கிறது. ஆனால் செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், கரிசலில் சுண்ணாம்போடும் பிணைந்து கரையாமல் கிடக்கிறது. மண்ணீரில் பாஸ்பேட்டாகக் கரைந்த மணிச்சத்தை மட்டுமே வேரால் எடுக்க முடியும்.

தழைச்சத்து தண்ணீரோடு வேரைத் தேடி வந்துவிடும். மணிச்சத்து அப்படி நகராது. வேரை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பது தீர்ந்ததும் வேர்தான் நகர வேண்டும். அதனால் பற்றாக்குறையில் செடி இலை வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு சர்க்கரையை வேருக்கு அனுப்புகிறது. பல பயிர்களில் பக்கவேர்கள் மேல்மண்ணில் படரும், வேர்த்தூவிகள் நீண்டு அடரும். ஒவ்வொரு தூவியும் ஒரே செல். அதன் உள்ளே பாஸ்பேட்டின் செறிவு மண்ணீரில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்குகூட இருக்கும். ஆகவே அது தானாக உள்ளே வராது. செல் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப நுழையும்போது, சவ்விலுள்ள புரதங்கள் வழியே பாஸ்பேட்டும் கூடவே வருகிறது.

இதெல்லாம் கரைந்ததை எடுக்கத்தான். கரையாததை எடுப்பதில் துவரை கெட்டிக்காரப் பயிர். ஐதராபாத் அருகே பதான்செருவிலுள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையத்தில் நொரிஹாரு ஏ குழுவினர் செய்த ஆய்வு 1990இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. துவரை வேர் பிசிடிக் அமிலத்தைக் கசியவிடுகிறது; அது இரும்பைப் பற்றிக்கொள்ள, இரும்பின் பிடியிலிருந்த பாஸ்பேட் விடுபடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். சோளத்துக்கு இந்த வித்தை கிடையாது. மானாவாரிச் செம்மண்ணில் சோளத்தோடு துவரை போடும் பழக்கத்தை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம்.

சோளம் பூசணத்தை நம்புகிறது. பசித்த வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட, வேர் உட்பூசணம் கிளைவிட்டு வேருக்குள் புகுகிறது. அதன் இழைகள் தூவி எட்டாத தூரத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவரும். கூலி, செடியின் சர்க்கரை. வம்பு என்னவென்றால், அதே கசிவுதான் மண்ணில் தூங்கும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையையும் முளைக்க வைக்கிறது!

மணிச்சத்து தாராளமாக உள்ள வயலில் செடி பூசணத்தை அழைக்கும் இந்தக் கசிவைக் குறைத்துவிடும். கடையில் ‘வேம்’ என்ற வேர் உட்பூசண உரம் வாங்கிப் போட்டும் பலன் தெரியவில்லை என்றால், அடியுரமாக டி.ஏ.பி. எவ்வளவு போட்டோம் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.