உஷார்! கேம் கிராஷ் ஆனால் ‘ஃபிக்ஸ்’ தேடி ஓடாதீர்கள்!

கேமில் புதிதாக ஒரு மோட் (ரசிகர்கள் உருவாக்கும் கூடுதல் ஃபைல்) போட்டீர்களா? லோடிங் முடிவதற்குள் கேம் தானாக மூடிக்கொள்கிறதா? மவுஸிலிருந்து கையை எடுங்கள். எதையும் டவுன்லோட் செய்யாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

கிராஷ் ஆவது ஆபத்து இல்லை. கிராஷ் ஆன பதற்றத்தில் அடுத்த பத்து நிமிடம் நீங்கள் செய்வதுதான் ஆபத்து!

பெற்றோர்களே, நீங்களும் படியுங்கள். ‘அது பிள்ளைகள் விளையாட்டு, எனக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் ஜிமெயில் அதே கம்ப்யூட்டரில்தானே திறந்து கிடக்கிறது?

அம்பத்தூரில் ஒரு வீட்டில் நடந்தது

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வீடு. அப்பா அங்குள்ள தொழிற்பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை நடத்துகிறார். பையன் டிப்ளமோ படிக்கிறான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்த ஒரே கம்ப்யூட்டர். பகலில் அதில் அப்பாவின் பில், ஜிஎஸ்டி. ராத்திரியில் பையனின் யூரோ டிரக் சிமுலேட்டர் 2.

செக் நாட்டு எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்ட கேம் அது. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது மட்டும் போதுமா? நம்மூர் அரசு பஸ், ஆம்னி பஸ், ஏர் ஹாரன் என்று மோட் மோடாகச் சேர்த்து ஓட்டுகிறார்கள். அதில் தப்பே இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து அந்த பஸ்களை உருவாக்குகிறவர்களும் நம் பிள்ளைகள்தான்.

ஒரு நாள், கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் அந்த கேமை அப்டேட் செய்தது. அன்று ராத்திரி பஸ் கிளம்பவே இல்லை. லோடிங் பாதி வரை போகும், கேம் மூடிக்கொள்ளும். நாலு தடவை முயன்றான், நாலு தடவையும் அதேதான். யூடியூபில் தேடினான். ‘கிராஷ் ஃபிக்ஸ், நூறு சதவீதம் வேலை செய்யும்’ என்று ஒரு வீடியோ. கீழே லிங்க். அது இன்னொரு பக்கத்துக்குப் போனது, அங்கிருந்து வேறொன்றுக்கு. கடைசியில் ஒரு ஜிப் ஃபைல் இறங்கியது. அதைத் திறக்க பாஸ்வேர்டு. கூடவே ஒரு குறிப்பு: ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும். தவறாக வைரஸ் என்று காட்டும், பயப்பட வேண்டாம்.’

பிள்ளை நம்பிவிட்டான். விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைத்தான். டபுள் கிளிக் செய்தான்.

ஸ்கிரீனில் ஒன்றுமே நடக்கவில்லை. கேமும் சரியாகவில்லை. சலித்துப்போய்ப் படுத்துவிட்டான்.

எல்லாம் நடந்தது அவன் தூங்கும்போது!

காலையில் அவன் இன்ஸ்டாகிராமிலிருந்து நண்பர்களுக்கெல்லாம் ‘பணம் இரட்டிப்பு’ மெசேஜ் போயிருந்தது. ஸ்டீம் கணக்கின் மெயில் ஐடி மாறியிருந்தது. திட்டு விழுமோ என்று பயந்து அவன் வீட்டில் சொல்லவில்லை. மறுநாள்தான் அப்பாவுக்குத் தெரிந்தது, அவருடைய மெயிலுக்குள்ளும் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று. கஸ்டமர் கொட்டேஷன், பில், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கும் மெயில். ஓடிபி வரவே இல்லையே, எப்படி நுழைந்தான் என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்படித்தான் நுழைந்தான். நீங்கள் ஒரு முறை லாகின் செய்ததும் பிரவுசர் ‘குக்கி’ என்ற ஒன்றைச் சேமித்து வைக்கிறது. அதனால்தான் தினமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. அந்தக் குக்கியையே திருடிக்கொண்டு போனால், திருடனிடமும் கேட்காது. ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்!

கேம் ஏன் கிராஷ் ஆனது தெரியுமா? கேம் தன் ஓட்டத்தைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைப் பிற்பாடு திறந்து பார்த்தால், கடைசி வரிகளில் திரும்பத் திரும்ப எரர். ஒவ்வொன்றிலும் ஒரே பழைய பஸ் மோடின் பெயர். பழைய வெர்ஷனுக்குச் செய்தது, புதிய அப்டேட்டில் ஓடவில்லை. மோட் மேனேஜரில் அந்த ஒன்றை எடுத்ததும் கேம் ஓடியது. அவ்வளவுதான் விஷயம்! அதற்காக ஒரு குடும்பத்தின் கணக்கெல்லாம் பறிபோனது.

‘நமக்கு நடக்காது’ என்கிறீர்களா?

2015 மே மாதம். ஜிடிஏ 5 கேமுக்கான ‘ஆங்ரி பிளேன்ஸ்’, ‘நோ கிளிப்’ என்ற மோட்களுக்குள் கீ லாகர் இருந்தது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் திருடும் மென்பொருள் அது.

2023 ஜூன். மைன்கிராஃப்ட் மோட்களைப் பலரும் நம்பி இறக்கும் கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் தளங்களிலேயே சிலருடைய கணக்குகளைக் கைப்பற்றி ‘ஃப்ராக்சரைசர்’ என்ற வைரஸை ஏற்றிவிட்டார்கள். பிரவுசர் குக்கி, டிஸ்கார்ட் லாகின் எல்லாவற்றையும் திருடியது. கம்ப்யூட்டரில் இருந்த மற்ற ஜார் ஃபைல்களுக்குள்ளும் புகுந்துகொண்டது.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, ‘ஸ்லே தி ஸ்பயர்’ கேமின் புகழ்பெற்ற ‘டவுன்ஃபால்’ மோடுக்கு ஸ்டீம் வழியாகவே வைரஸ் அப்டேட் போனது. உருவாக்கியவர்களின் கணக்கே பறிபோயிருந்தது.

2025 ஜூனில், மென்பொருள் பகிரும் கிட்ஹப் தளத்தில் மைன்கிராஃப்ட் மோட் போல வேடமிட்டுக் கிடந்த திருட்டு ஃபைல்களைச் செக் பாயிண்ட் நிறுவன ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள்.

நல்ல இடத்திலேயே இந்தக் கதி. முகம் தெரியாத லிங்கை எப்படி நம்புவது?

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நிறுத்துங்கள்!

1. ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்’ என்கிறார்களா? அங்கேயே மூடிவிடுங்கள். மறுபேச்சே வேண்டாம்.

2. ஜிப் ஃபைலுக்கு பாஸ்வேர்டா? பூட்டிய ஃபைலுக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பூட்டுகிறார்கள்.

3. பஸ் மோடுக்கு இஎக்ஸ்இ ஃபைலா? யூரோ டிரக்கின் மோட், எஸ்சிஎஸ் என்று முடியும் ஃபைல். பஸ்ஸின் உருவம், பெயின்ட், சத்தம், அமைப்புகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு பஸ்ஸைச் சேர்க்க எதையும் ‘இன்ஸ்டால்’ செய்யத் தேவையே இல்லை.

4. பெயர் எப்படி முடிகிறது? விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவிடும். அதனால் இஎக்ஸ்இ ஒன்று எஸ்சிஎஸ் மாதிரியே வேஷம் போடலாம். ஃபோல்டரின் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இன்றே டிக் செய்யுங்கள்.

5. ‘டிஎல்எல் இல்லை’ என்று எரர் வருகிறதா? அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் தனியாகக் கொடுக்கும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். பெரும்பாலும் தேவைப்படுவது மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு. அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இலவசமாக எடுக்கலாம்.

6. ‘விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்தி இதை பேஸ்ட் செய்’ என்கிறார்களா? நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிப்பதற்காக என்பார்கள். பச்சைப் பொய். உங்கள் கையாலேயே வைரஸை இறக்க வைக்கும் தந்திரம் அது.

7. ஓடவிட்ட பிறகு ஒன்றுமே நடக்கவில்லையா? ‘வேலை செய்யவில்லை போல’ என்று விட்டுவிடாதீர்கள். அது வேலையை முடித்திருக்கலாம்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மைன்கிராஃப்ட்டின் ஜார் ஃபைலும், ஜிடிஏவின் ஏஎஸ்ஐ, டிஎல்எல் ஃபைல்களும் வெறும் படமோ சத்தமோ இல்லை. அவை ஓடக்கூடிய மென்பொருள்கள். அங்கே இரட்டிப்பு ஜாக்கிரதை தேவை.

பயப்படாமல், இறக்காமல், நீங்களே சரிசெய்யுங்கள்

முதல் வேலை, சேவ் ஃபைலைக் காப்பி எடுங்கள். யூரோ டிரக்கில் டாக்குமென்ட்ஸுக்குள் கேமின் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் போடுங்கள். மோடை எடுத்தால் அந்த பஸ் சேவிலிருந்து காணாமல் போகலாம். காப்பி இல்லையென்றால் பல மாத ஓட்டம் வீண்.

அடுத்து லாக் ஃபைலைப் படியுங்கள். அதே ஃபோல்டரில் இருக்கிறது, நோட்பேடிலேயே திறக்கும். கடைசியிலிருந்து மேலே வாருங்கள். எரர் என்ற வார்த்தையைத் தேடுங்கள், பக்கத்தில் எந்த மோடின் பெயர் என்று பாருங்கள். மைன்கிராஃப்ட் என்றால் கிராஷ் ரிப்போர்ட்ஸ் என்று தனி ஃபோல்டரே உண்டு.

பெயர் தெரியவில்லையா? மோட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கேமைத் திறங்கள். அப்போதும் கிராஷ் ஆனால் பழி மோட் மேல் இல்லை. ஸ்டீமில் கேம் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை ஓடவிடுங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். மோட் இல்லாமல் ஓடுகிறதா? பாதி மோட்களை மட்டும் போடுங்கள். கிராஷ் ஆனால் குற்றவாளி அந்தப் பாதியில். ஆகவில்லையென்றால் மறுபாதியில். அதையும் பாதியாக்குங்கள். முப்பத்திரண்டு மோட் இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் ஆள் பிடிபடும். சில சமயம் ஒரே ஃபைலை மாற்றும் இரண்டு மோட்கள் மோதிக்கொள்ளும். அப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள், அல்லது ஒன்றை விட்டுவிடுங்கள்.

வெர்ஷனும் முக்கியம். மைன்கிராஃப்ட் 1.18-க்கு ஜாவா 17 வேண்டும், 1.20.5-க்கு ஜாவா 21. மைன்கிராஃப்ட் மோட்களை ஏற்றும் கருவிகளான ஃபோர்ஜும் ஃபேப்ரிக்கும் வேறு வேறு; ஃபோர்ஜ் மோடை ஃபேப்ரிக்கில் போட்டால் ஓடாது. யூரோ டிரக்கில் பழைய பஸ்தான் வேண்டும் என்றால், ஸ்டீமில் கேமின் பிராப்பர்ட்டீஸில் ‘பீட்டாஸ்’ பகுதிக்குப் போய்ப் பழைய வெர்ஷனுக்கே திரும்பலாம். ஒரு ரூபாய் செலவில்லை. முகம் தெரியாதவன் தயவும் தேவையில்லை.

ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டீர்களா?

இன்டர்நெட்டை உடனே துண்டியுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதிய பாஸ்வேர்டும் திருடு போகும்! வேறொரு போனில் மாற்றுங்கள். முதலில் மெயில், பிறகு வங்கி, பிறகு மற்றவை. ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை மறக்காமல் அழுத்துங்கள். அப்போதுதான் திருடிய குக்கி செல்லாமல் போகும். கம்ப்யூட்டரில் விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாகப் போடுங்கள். ஸ்கேன் செய்துவிட்டோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிவாசிகளுக்கு ஆவடி காவல் ஆணையரகத்திலேயே சைபர் கிரைம் பிரிவு இருக்கிறது.

பெற்றோர்களே, கடைசியாக உங்களுக்கு!

அந்தப் பையன் வாயைத் திறந்திருந்தால் அப்பாவின் மெயில் தப்பியிருக்கலாம். பயம்தான் அவன் வாயை மூடியது. ‘என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், திட்ட மாட்டேன்’ என்று இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்னால் நிஜமாகவே திட்டாதீர்கள்.

கேமுக்கும் கணக்கு வழக்குக்கும் ஒரே கம்ப்யூட்டரா? விண்டோஸில் பிள்ளைக்குத் தனி யூசர் கணக்கு தொடங்குங்கள். அட்மின் உரிமை கொடுக்காதீர்கள், அந்தப் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். பிரவுசரில் சேமித்த வங்கி பாஸ்வேர்டு, கார்டு நம்பர் எல்லாவற்றையும் அழியுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். இன்று ராத்திரி பிள்ளை கேமைத் திறப்பதற்கு முன் செய்துவிடுங்கள்!